தெருவுக்கு ஒருவர்

விலைவாசி எல்லை மீறினால் தெருவுக்கு ஒருவர் வேலையை இழக்க வேண்டும் என்பது சட்டம். அது யார் என்று தெருக்காரர்களே ரகசியமாக வாக்களிப்பார்கள். தனக்கு விழுந்த வாக்குகள் எத்தனை என்பது அவரவருக்கு மட்டும் தெரியும். ஓசூரில் ஒரு தெருவில் இந்தமுறை ஒரே வாக்கு வித்தியாசத்தில் சிக்கியவன், கார் தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்த தணிகாசலம்.

அன்று முதல் அவனுக்கு எல்லார் மீதும் சந்தேகம். எதிர்வீட்டு லாரன்ஸ் மீன் குழம்பு கொண்டுவந்தபோது கிண்ணத்தை வாங்க மறுத்துவிட்டான்.

"செஞ்ச பாவம் உறுத்துது, அதான் குழம்பு" என்றான் மனைவி பூங்கோதையிடம். அவளுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை.

மாதக் கடைசியில் தக்காளி விலை இறங்கியது. தெருவே மகிழ்ந்தது. அவன் மட்டும் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாக முறைத்தான்.

"அவங்கள ஏன் முறைக்கிறீங்க? நானும் உங்களுக்குத்தான் ஓட்டு போட்டேன்" என்றாள் பூங்கோதை. "பெயிண்ட் புகையில உங்க நெஞ்சே கெட்டுப்போச்சு. வேலைய விடுங்கன்னா கேட்டீங்களா?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். பிறகு மெல்லக் கேட்டான்.

"உனக்கு எத்தனை ஓட்டு விழுந்துச்சு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்களைவிட ஒண்ணு கம்மி."