புது ஒளிபரப்பும் பழைய ஆன்டெனாவும்

கூரை மேல் நின்று பழைய ஆன்டெனாவின் கடைசி போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்த கர்ட் தற்செயலாகக் கீழே பார்த்தான். சுருக்கென்றது. வாசல் புல்வெளியில் ஆர்டிஸ் கோட்டின் கைநுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் முதல் பனி விழுந்து நாலு நாள் ஆகியிருந்தது. காற்று கண்ணைக் கரிக்க வைக்கும்தான். ஆனால், அது காற்றால் வந்த கண்ணீர் என்று நம்ப அவனால் முடியவில்லை.

"பாத்து இறக்கு தம்பி!" பக்கத்தில் வேட்டைக்கான ஆரஞ்சு ஜாக்கெட்டோடு நின்ற அவள் கணவர் வெர்லின் குரல் கொடுத்தார். "முப்பத்தஞ்சு வருஷம். இடி விழுந்தப்பகூட அது அசரல. உங்க புது ஒளிபரப்பு வந்து சாகடிக்கணும்னு இருக்கு!"

"சும்மா இருங்க. அவர் வேலையை அவர் பாக்கட்டும்" என்றாள் ஆர்டிஸ்.

வியாழக்கிழமை இதே வாசலில் நின்றுதான் கர்ட் அந்தப் பொய்யைச் சொன்னான். "ஒளிபரப்பு புது முறைக்கு மாறுது மேடம். பழைய ஆன்டெனா அதைப் பிடிக்காது. புதுசுதான் மாட்டணும்."

கம்பெனி மேனேஜர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. 'கூரையைப் பாரு. உச்சுக்கொட்டு. தலையை ஆட்டு. மிச்சத்தைப் பயம் பேசிக்கும்.'

மற்ற வீடுகளில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், மருமகனுக்குப் போன் போடுவார்கள். ஆர்டிஸ் கேட்டது ஒன்றே ஒன்று. "புதுசை எங்க மாட்டுவீங்க?"

"சின்னதுதான் மேடம். கூரைக்குக் கீழ மச்சுக்குள்ளேயே மாட்டிடலாம்."

"அப்ப சனிக்கிழமை வந்துடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களை ஏமாற்றுவதுதான் கர்ட்டுக்குப் பிடிக்காத வேலை.

அது பொய்யென்று அவனுக்கே நன்றாகத் தெரியும். அவன் வீட்டுக் கூரையிலும் இதே மாதிரி ஒரு கிழட்டு ஆன்டெனாதான் நிற்கிறது. டிவி பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வைத்தான், அவ்வளவுதான். புது ஒளிபரப்பு பளிங்கு மாதிரி தெரிகிறது.

ஆன்டெனாவைக் கயிற்றில் கட்டி இறக்கினான். வெர்லின் அதன் குழாய் ஒன்றைக் குதிரையைத் தடவுவதுபோல் தடவினார்.

"இதைத் திருப்புற மோட்டார் செத்து ஒம்பது வருஷம் ஆச்சு தம்பி. அப்புறம் கூரை ஏறித் திருப்புற மோட்டார் நான்தான். ஒரு ஸ்டேஷன் கிழக்க, ஒரு ஸ்டேஷன் தெக்க. ஞாயித்துக்கிழமை டிவியில ஃபுட்பால் ஆட்டம் இருந்தா முதல் குட்மார்னிங் இதுக்குத்தான்."

"ரெண்டாவது எனக்குன்னு நெனச்சிடாதீங்க" என்றாள் ஆர்டிஸ். "ரெண்டாவது நாய்க்கு."

வெர்லின் சிரித்தார். கர்ட்டும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

மச்சில் புதியதை மாட்டிவிட்டு இறங்கி வந்தபோது சமையலறை மேஜையில் காபியும் 'பை' என்கிற பூசணிப் பலகாரமும் காத்திருந்தன. "உக்காருங்க. குளிர்ல நடுங்கறீங்க" என்று அவன் தட்டில் இரண்டாவது துண்டையும் வைத்தாள் ஆர்டிஸ்.

ஜன்னல் வழியே வெர்லின் தெரிந்தார். பழைய ஆன்டெனாவை விட்டு நகராமல், அதன் வளைந்த கம்பி ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

கர்ட் கரண்டியை வைத்தான். சட்டைப்பையிலிருந்து அவள் கொடுத்த செக்கை எடுத்து மேஜைமேல் தள்ளினான்.

"இது வேணாம் மேடம். நான் சொன்னது பொய்."

"என்ன பொய்?"

"புது ஒளிபரப்புக்குப் புது ஆன்டெனா எல்லாம் தேவையே இல்ல. அந்தப் பழசே அருமையாப் பிடிக்கும். டிவிக்கு ஒரு பெட்டி வாங்கி வெச்சா போதும். என் வேலை போனாலும் பரவால்ல. இப்பவே பழசை மேல ஏத்தி நிறுத்திட்டு, அவர் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

அவன் எழுந்தான். ஆர்டிஸ் அவனைவிட வேகமாக எழுந்தாள். போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க!"

"மேடம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே டிவி ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். 'காத்துல வர்ற அலைக்கு ஆன்டெனா வயசு தெரியாதும்மா'ன்னு சிரிச்சாங்க."

கர்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரிஞ்சுமா என்னை வரச் சொன்னீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் வெளியிலிருந்து வெர்லினின் குரல் வந்தது. "தம்பி! நெசமாவே இது ஆகாதா? லேசா சந்தேகம் இருந்தாலும் சொல்லு. ஏணி இங்கதான் இருக்கு. நானே தூக்கிட்டுப் போய் நிறுத்திடறேன்!"

ஆர்டிஸின் முகம் வெளுத்தது. அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எண்பது வயசு அவருக்கு. போன டிசம்பர்ல அந்தக் கூரையிலேருந்து சறுக்கி விழுந்து ரெண்டு விலா எலும்பு போச்சு. டாக்டர் சொன்னார், கேக்கல. மகள் சண்டை போட்டா, கேக்கல. நீங்க அதைக் கழட்டறப்ப நிம்மதியில எனக்கு அழுகையே வந்துடுச்சு. நாளைக்கும் ஆட்டம் இருக்கு."

செக்கை எடுத்து அவன் சட்டைப்பையிலேயே திணித்தாள். கதவைத் திறந்துவிட்டாள்.

"போங்க. அதே பொய்யை அவர்கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க."