பத்து செகண்ட்

"இன்னாம்மா தமிழு, பாஸ்வேர்ட மாத்திட்டு கம்முனு பூட்டா எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?"

உள்ளே காலை வைத்ததும் வைக்காததுமாக மேனேஜர் கன்னியப்பன் இப்படிக் கேட்டதும் தமிழ்ச்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உத்திரமேரூரில் இருந்த அந்தத் தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் நான்கு வருஷம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்துவிட்டு, ஆயுத பூஜை அன்று மத்தியானத்தோடு வேலையை விட்டுப் போனவள் அவள். நாளைக் காலையில் ஒரகடத்தில் புதுக் கம்பெனியில் சேர வேண்டும். அனுபவச் சான்றிதழ் இல்லாமல் வராதே என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதை வாங்கத்தான் வந்திருந்தாள்.

"நான் எதையும் மாத்தல சார். பாஸ்வேர்டு, நெட் கனெக்‌ஷன் விவரம் எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி உங்க கையிலதானே குடுத்தேன்?"

"குடுத்தே. அது வேல செய்யலியே! லீவு முடிஞ்சி நேத்து வந்து பாத்தா நெட்டு இல்ல. எந்த ஊர்லேர்ந்து எவ்ளோ பாலு வந்துச்சின்னு ஹெட் ஆபீசுக்கு ஒண்ணும் போவல. போன் பண்ணி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறாங்க."

மேஜை மூலையில், ஒயர்களெல்லாம் மேல் பக்கமாக வரும்படி நிமிர்த்தி வைத்திருந்தது ரவுட்டர். ஆபீசுக்கு நெட் வருவதே அந்தச் சின்ன டப்பா வழியாகத்தான். பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் இன்னும் அழியவில்லை. அதற்குக் கிடைத்த மரியாதையில் பாதிகூட நான்கு வருஷத்தில் தமிழ்ச்செல்விக்குக் கிடைத்ததில்லை.

அதன் எதிரே காஞ்சிபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் ஜீவா உட்கார்ந்திருந்தான். பேப்பரில் இருந்த பாஸ்வேர்டை நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, நீங்களே ஒரு தபா போட்டுப் பாருங்க."

தமிழ்ச்செல்வி போட்டாள். தவறு என்றது. மறுபடி, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். மறுபடியும் தவறு. நாள் தவறாமல் போட்டுப் பழகிய பாஸ்வேர்டு, எப்படிப் பொய்யாகும்?

"சும்மா, கம்பெனியில வரும்போதே இருக்கிற பாஸ்வேர்ட போட்டுப் பாக்கறேன்" என்ற ஜீவா தட்டினான். சட்டென்று திறந்துகொண்டது. உள்ளே ஒன்றுமே இல்லை. அவள் போட்டு வைத்திருந்த அத்தனை விவரமும் துடைத்துப் போட்ட மாதிரி காலி.

"யாரோ ரீசெட் பண்ணிக்கிறாங்க சார். அதான் பழைய பாஸ்வேர்டும் பூடுச்சு, நெட்டும் பூடுச்சு."

"அது தானா ஆவுமா?"

"ஆவாது. ஒயர் சொருகற எடத்துக்குப் பக்கத்துல பொடி ஓட்ட ஒண்ணு கீது. குண்டூசி மாதிரி எதையாவது உள்ள வுட்டு, பத்து செகண்ட் அமுக்கிப் புடிக்கணும்."

"பத்து செகண்டா!" கன்னியப்பன் மேஜையைத் தட்டினார். "அப்ப தெரியாம கைபட்டது இல்ல. பத்து செகண்ட் அமுக்கிக்கினு இருக்கிறவனுக்கு எவ்ளோ கெட்ட எண்ணம் இருக்கணும்! கடைசியா இதத் தொட்டது நீதாம்மா. 'நான் இல்லன்னா இங்க ஒரு நாள் ஓடாது சார்'னு போம்போது சொன்னியே, இதுக்குத்தானா?"

"விளையாட்டுக்குச் சொன்னேன் சார். எங்கம்மா மேல சத்தியமா நான் பண்ணல."

"சத்தியமெல்லாம் வாணாம். நான்தான் வேணும்னே அழிச்சேன்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போடு. சர்டிபிகேட்ட வாங்கிக்கினு போயிக்கினே இரு. இல்லன்னா அந்தக் கம்பெனிய மறந்துடு."

தமிழ்ச்செல்வி அழுதாள். கெஞ்சினாள். ஒரகடம் போகும் கம்பெனி பஸ் நாளைக் காலை ஆறு மணிக்கு. கடைசியில், செய்யாத குற்றத்தை, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கன்னியப்பன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். பிறகுதான் சான்றிதழில் சீல் குத்தி அவளிடம் நீட்டினார்.

அதற்குள் அவள் எழுதிக் கொடுத்திருந்த பேப்பரைப் பார்த்தே எல்லா விவரத்தையும் ஜீவா திரும்பப் போட்டுவிட்டான். நெட் வந்துவிட்டது.

"இனிமே யாரும் இதுல வேலையக் காட்ட முடியாத மாதிரி அந்த ஓட்டைய டேப் போட்டு ஒட்டிடறேன் சார்."

"நல்லா ஒட்டு. எவன் கையும் அதுல படக் கூடாது."

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த எல்லம்மாள் பதறிப்போய் எழுந்து வந்தாள்.

"ஐயையோ, அத அடைச்சிட்டா வர்ற வருசம் பூஜைக்கி மேனேஜர் சார் எங்க ஊதுவத்தி குத்துவாரு? வாயப்பயத்துல நிக்கலன்னு இந்த ஓட்டைலதான் குத்தினாரு. சாயப் போவுதுன்னு கண்ண மூடி வேண்டிக்கினே எவ்ளோ நேரம் அமுக்கிப் புடிச்சிக்கினு இருந்தாரு தெரியுமா? மறுநா பெருக்கும்போது நான்தான் அந்தக் குச்சியப் புடுங்கிப் போட்டேன்."

ஜீவாவின் கையிலிருந்த டேப் அப்படியே நின்றது.

தமிழ்ச்செல்வி சான்றிதழைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். மேஜைமேல் இருந்த கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தி, பேனாவையும் அதன்மேல் வைத்தாள்.

"பேர மட்டும் மாத்திடுங்க சார். மீதியெல்லாம் நீங்க சொன்னபடியே இருக்கட்டும்."