பீலிக்கரையில் ஒளு

அக்கரப்பத்தனைக் கடைவீதிக்குப் பின்னால், மலை ஊற்றைக் கொண்டுவரும் மூங்கில் குழாயான பீலியிலிருந்து தண்ணீர் கல்லில் விழுந்துகொண்டே இருக்கிறது. பனிமூட்டம் எதிர்மலைத் தேயிலையை விழுங்கிவிட்டது. கடைக்காரர்களின் மனைவிமார் கைப்பிள்ளைகளோடு சுற்றி நிற்க, அவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஜெய்னம்பு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு எடுக்கும் முறையைச் செய்து காட்டுகிறாள். விரல்கள் விறைத்து நீலம் பாரித்திருக்கின்றன. குதிகாலை நனைத்துவிட்டு நிமிர்கிறாள். "பிள்ளைக்குப் பால் குடுத்தா ஒளு முறியாது. ஒவ்வொரு தடவையும் இந்தக் குளிர்ல திரும்ப எடுக்க வேணாம்." இத்தனை காலம் வீணாக நடுங்கியதை நினைத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான செரீபா சிரிக்கவில்லை. அவள் இடுப்பில் மட்டும் பிள்ளை இல்லை. அவளுடைய ஐந்து மாதப் பிள்ளையைக் காய்ச்சலில் பறிகொடுத்து, போன வாரம்தான் பள்ளிவாசல் மேட்டில் அடக்கினார்கள். யாரோ ஒருத்தியின் பிள்ளை பசித்து வீறிடுகிறது. கேட்டதுமே செரீபாவுக்குப் பால் சுரந்து சட்டையில் ஈரம் பரவுகிறது. அதைக் கண்ட அந்தத் தாய் தன் பிள்ளையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி நிற்கிறாள். செரீபா மார்பைக் கையால் அழுத்திப் பிடிக்கிறாள்.

"ராத்தா, குடிக்கப் பிள்ளையில்லாம பால் வந்தாலும் ஒளு முறியாதா?"

ஜெய்னம்பு ஓதிப் படித்ததில் இப்படியொரு கேள்வி இருந்ததில்லை. "முறியாது, தங்கச்சி."

செரீபா தலையாட்டுகிறாள். பிறகு குனிந்து, பீலிக்கடியில் இரண்டு கைகளையும் நீட்டி, முறியாத ஒளுவை மணிக்கட்டிலிருந்து மறுபடியும் எடுக்கத் தொடங்குகிறாள்.