கார்புரேட்டர் காது

படகு சீறிக்கொண்டு வந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் கார்புரேட்டர்தான். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி ரசித்தேன். பாட்டுக் கச்சேரியில் ஓசி டிக்கெட் கிடைத்தவன்கூட அப்படி ஆட்டியிருக்க மாட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானும் தலையை ஆட்டினான். என் மனைவியின் தம்பி. எங்கள் படகுப் பட்டறையில் சரிபாதி பங்காளி. தோல்வியை இவ்வளவு நல்ல மனதோடு ஏற்றுக்கொள்கிறானே என்று அவன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ஓட்டப்போவது என் மனைவி. அவளுக்கு எந்தப் படகைக் கொடுப்பது என்பதில் இரண்டு மாதமாக வீடு ரெண்டுபட்டுக் கிடந்தது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு படகுகள். ஒன்றின் இன்ஜினுக்கு நான் கார்புரேட்டர் வைத்திருந்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் அந்தச் சாமானை, ஒரு ஸ்க்ரூடிரைவரும் நல்ல காதும் இருந்தால் நடுத்தண்ணீரில்கூடச் சரிசெய்துவிடலாம்.

மற்றதற்கு மச்சான் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வைத்திருந்தான். அதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது கம்ப்யூட்டரின் வேலை. அவனிடம் லேப்டாப் இருந்தது. என்னிடம் காது இருந்தது, அதைவிட நீளமாக வாயும் இருந்தது.

பேச்சு முற்றி, தோற்றவன் தன் டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பட்டறையை விட்டே போய்விட வேண்டும் என்று முடிவானது. வீறாப்பாகச் சொன்னவன் நான்தான். பதினோரு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். அவன் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. இருந்தாலும் சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்க மனசு வரவில்லை.

சோதனைக்கு விதி போட்டதும் நான்தான். கண்ணால் பார்த்தால் ஓரவஞ்சனை வந்துவிடும். அதனால் இருவரும் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டும். எந்தப் படகு முதலில் வரும் என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். எடையிலும் வித்தியாசம் கூடாதென்று முந்தின நாள் சாயங்காலமே இரண்டு பெட்ரோல் டாங்கையும் வடித்துப் படகுகளைத் தராசில் ஏற்றினோம். நாலு கிலோ வித்தியாசம் வந்தது. அது யார் பக்கம் சேரும் என்று சண்டை போட்டதில் சாப்பாடு ஆறிப்போனது.

படகுகள் கட்டியிருந்தது கரை வளைவுக்கு அந்தப் பக்கம். அவள் அங்கே போய் முதல் ஓட்டம் கிளம்பவே இருபது நிமிஷம் ஆகியிருந்தது. தலை வாரிக்கொண்டிருப்பாள் என்று நான் சொன்னதற்கு மச்சான் சிரித்தான். அந்த வாரத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இரண்டாவது ஓட்டம் மட்டும் இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டது. மிதவையைச் சுற்றித் திரும்பும்போது சத்தம் லேசாகத் திக்கியது. கம்ப்யூட்டர் யோசிக்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மச்சான் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அவள் கரையேறி, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமலே எங்கள் முன்னால் வந்து நின்று, தீர்ப்பைச் சொல்லச் சொன்னாள்.

முதலில் வந்தது என்னுடையது என்றேன். இரண்டாவதில் மூன்று குறை சொல்லி, மூன்றுக்கும் காரணம் வயரிங்தான் என்று விளக்கினேன். மச்சான் பொறுமையாகக் கேட்டு முடித்தான்.

"மாமா, மொதல்ல வந்தது என்னோடது. ரெண்டாவதா ஒண்ணு திக்குச்சே, அதான் உங்களோடது."

"கார்புரேட்டர் சத்தத்த நான் தூக்கத்துலகூடக் கண்டுபிடிப்பேன்டா."

"தூக்கத்துல மட்டுந்தான் கண்டுபிடிக்கிறீங்க."

அவ்வளவுதான். வார்த்தை தடித்து, பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. அவன் விறுவிறுவென்று பட்டறைக்குள் போய் டூல்பாக்ஸோடு திரும்பி வந்தான். அந்தப் பெட்டியை அவன் கையில் பார்த்ததும் போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பதினாலாம் நம்பர் ஸ்பேனர் என்னோடது. வச்சிட்டுப் போ" என்று வந்தது.

அவன் ஸ்பேனரை எடுத்து என் காலடியில் வைத்தான். இருவர் கண்ணிலும் தண்ணீர். இருவரும் வெயில்மேல் பழி போட்டுக்கொண்டோம்.

என் மனைவி கை கட்டிக்கொண்டு இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டு தடவையும் நான் ஓட்டினது ஒரே போட். பக்கத்துத் துறையில ஏரியச் சுத்திக் காட்டுறாங்களே, அந்த வாடகை போட்."

மச்சான் டூல்பாக்ஸைக் கீழே வைத்தான். எனக்குக் காது மடல் சுட்டது. இருந்தாலும் விடுவேனா? நாங்கள் ராப்பகலாக உழைத்து வைத்த இரண்டு இன்ஜின் அங்கே இருக்க, வாடகைப் படகை எதற்கு எடுத்தாய் என்று எகிறினேன். மச்சானும் என்னோடு சேர்ந்துகொண்டு, அதானே என்றான்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க ஓட்டுறது? உங்க ரெண்டு பேரு போட்லயும் ஒரு சொட்டு பெட்ரோல் இல்ல."