பச்சை ஒயரை வெட்டிய பிரகஸ்பதி

“எந்தப் பிரகஸ்பதி செஞ்ச வேலைண்ணே இது?”

சாப்பாட்டு வண்டியின் சுவிட்ச் பெட்டியைத் திறந்த எலெக்ட்ரீஷியன், மூக்கைப் பொத்திக்கொள்ளாத குறையாகக் கேட்டான்.

“அதானே!” என்றார் கடைக்காரர், அவசர அவசரமாக.

அந்தப் பிரகஸ்பதி அவரேதான். வீட்டு மிக்ஸியை ரிப்பேர் செய்கிறேன் பேர்வழி என்று அதற்குக் காரியம் செய்துவிட்ட நாளிலிருந்து, வண்டியில் எந்த ஒயரிலும் கை வைக்கக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. போன வாரம் வண்டியில் கரண்ட் கட்டாகிக்கொண்டே இருக்க, அவள் காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, செல்போனில் ரெண்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இறங்கிவிட்டார். வெளியாளைக் கூப்பிட்டால் கௌரவம் என்னாவது? இன்றைக்கு எலெக்ட்ரீஷியனை வரவழைத்தவள் மனைவிதான்.

“பழைய ஓனர் வெச்ச ஆள் சொதப்பிட்டுப் போயிருப்பான் தம்பி,” என்றாள் மனைவி, வண்டிக்குள் முட்டைகளை அடுக்கியபடி. “செகண்ட் ஹேண்ட் வண்டிதானே.”

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை, இவளுக்கு ஒன்றும் தெரியாது!

“அவனேதான்!” என்றார். “மூஞ்சியைப் பார்த்தப்பவே நினைச்சேன்.”

எலெக்ட்ரீஷியன் பெட்டிக்குள் டார்ச் அடித்தான். “இந்த ஜாயின்ட்டைப் பாருங்க. டேப் சுத்தச் சொன்னா புண்ணுக்குக் கட்டுப் போட்டு வெச்சிருக்கான். இவனெல்லாம் டார்ச்சுக்கு பேட்டரி போடக்கூட லாயக்கில்ல.”

“துளிகூட லாயக்கில்ல.”

“ஃப்யூஸ் போன மண்டைண்ணே.”

“மண்டைன்னு ஒண்ணு இருந்தாத்தானே தம்பி!”

கூடச் சேர்ந்து திட்டினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மனைவி அந்தப் பக்கம் திரும்பி வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

“அட கொடுமையே!” எலெக்ட்ரீஷியன் உள்ளேயிருந்து ஒரு பச்சை ஒயரை இழுத்தான். நுனி வெட்டுப்பட்டிருந்தது. “எர்த்தை வெட்டி மடிச்சுச் சொருகியிருக்கான்! பாய்லர்ல கரண்ட் கசியுது. அதனால ட்ரிப் ஆகியிருக்கும். இந்த மேதாவி பாய்லரைப் பார்க்காம, ஒயரை வெட்டிட்டான்.”

நேரில் நின்று பார்த்த மாதிரி சொன்னான். ‘தானாவே சரியாயிடுச்சு’ என்று அன்றைக்கு மனைவியிடம் அளந்தது கடைக்காரருக்கு ஞாபகம் வந்தது.

எலெக்ட்ரீஷியன் டெஸ்டரை எடுத்து, வண்டியின் கதவுப் பிடியில் வைத்தான். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

“பூமிக்குப் போக வழியில்லாம கரண்ட் வண்டி உடம்புக்கே வந்து நிக்குதுண்ணே. கீழ தரை வேற ஈரம். இந்த வழியா ஏறி இறங்கறது யாரு?”

“என் சம்சாரம்.”

“இன்னும் உயிரோட நிக்கறாங்களே!”

கடைக்காரர் கதவுப் பிடியைப் பார்த்தார்.

‘இறங்கறப்போ பிடியைத் தொட்டா சுரீர்ங்குதுங்க’ என்று அவள் சொல்லத்தான் செய்தாள். ‘உன் கை ஈரம். உனக்கு எதைத் தொட்டாலும் கூசும்’ என்று அவர்தான் வாயடைத்தார். அதற்கப்புறம் அவள் பிடியைத் தொடுவதேயில்லை. தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ரெண்டு காலையும் சேர்த்துக் கீழே குதிப்பாள். ‘இந்த வயசுல குதியாட்டத்தைப் பாருங்க’ என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கிண்டல் வேறு செய்திருக்கிறார். அவர்களும் சிரித்தார்கள்.

இப்போது அவருக்குப் பயமாக இருந்தது. ஏதோ ஒரு நாள் மறந்துபோய்ப் பிடியைப் பிடித்திருந்தால்? உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தார்.

“இதைச் செஞ்சவனை என்னண்ணே பண்ணலாம்?” என்றான் எலெக்ட்ரீஷியன்.

“இதே பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஈரத்துல நிக்க வைக்கணும் தம்பி!”

சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

“எல்லாத்தையும் பிடுங்கிடு,” என்றார் இன்னும் சத்தமாக. “அந்த முட்டாள் கை பட்ட ஒரு ஒயர்கூட இருக்கக் கூடாது!”

வேலை மளமளவென்று நடந்தது. பாய்லருக்குப் புதுக் காயில். பெட்டிக்குப் புது ஒயர். பச்சை ஒயர் அதற்குரிய இடத்தில் இறுக்கி முடுக்கப்பட்டது. கடைக்காரர் கேட்காமலே கட்டிங் பிளேயரை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

“அண்ணே, கீழ போய் மெயின் பிளக்கைச் சொருகுங்க. டெஸ்ட் பண்ணிடலாம்.”

கடைக்காரர் இறங்கி, வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். தலைக்கு மேலே ஜன்னல் திறந்திருந்தது.

“அக்கா, என் வாயே வலிக்குது. நீங்க போன்ல சொன்னதைவிட நாலு வார்த்தை கூடவே திட்டிட்டேன்.”

பிளக் அவர் கையில் அப்படியே நின்றது.

“பரவாயில்ல தம்பி.”

“அவர்தான்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“சட்டையைத் துவைக்கறப்போ பையில பச்சை ஒயர் துண்டு கிடந்துச்சு.”

“அப்புறம் நேராவே கேட்டிருக்கலாமே? எதுக்கு அந்தப் பழைய ஆள் தலையில போட்டீங்க?”



“‘நீங்க செஞ்சது தப்பு’ன்னு அவர்கிட்ட சொன்னா, அதைச் சரின்னு சாதிக்கறதுக்காகவே உன்னை ஒரு ஒயரைத் தொட விட்டிருக்க மாட்டார் தம்பி. எவனோ செஞ்ச தப்புன்னாத்தான் எங்க வீட்டுக்காரர் திருத்தவே விடுவார்.”