இரண்டு சிவப்பு வட்டங்கள்

"ஆபரேஷனுக்குக் கையெழுத்து மட்டும் போட்டுராத, சொல்லிட்டேன். மொதல்ல ஸ்கேன் படத்தை அனுப்பு. நாங்க பாத்து முடிவு சொல்லுதோம்."

வாட்ஸ்அப்பில் வந்த மூத்த அண்ணனின் குரல், பாளையங்கோட்டைக் கம்ப்யூட்டர் சென்டர் முழுக்கக் கேட்டது. ருக்சானா அவசரமாகச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கையிலிருந்த சிடியைக் கடைக்காரர் தேவதாசனிடம் நீட்டினாள்.

"இதுல எங்க வாப்பாவோட தலை ஸ்கேன் இருக்கு அண்ணாச்சி. போன்ல பாக்க மாதிரி சாதா போட்டோவா மாத்தித் தரணும்."

தேவதாசன் சிடியைப் போட்டுப் பார்த்தார். "இது சும்மா திறக்காதும்மா. இதுக்குன்னு உள்ள சாப்ட்வேர்ல திறந்து, ஒண்ணொண்ணா ஜேபெக்கா மாத்தணும். மாத்துனா துல்லியமும் கொஞ்சம் கொறையும். டாக்டருக்குன்னா சிடியவே கொடுத்துருங்க."

"டாக்டருக்கு இல்ல. எங்க அண்ணன்மாருக்கு."

"அவங்க டாக்டரா?"

"பெரியவரு ஷார்ஜாவுல டைல்ஸ் கடையில சூப்பர்வைசரு. சின்னவரு சென்னையில சென்ட்டுக் கடை வச்சிருக்காவ."

தேவதாசன் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்த இடத்தில் இருமிக்கொண்டார்.

"படத்து மூலையில பேரு, வயசு, தேதி எல்லாம் விழும். இருக்கட்டுமா?"

"பேரு இருக்கட்டும். தேதி மட்டும் வேண்டாம். அதப் பாத்தா அதுக்கும் நாலு கேள்வி கேப்பாவ."

வாப்பா நூர்முகம்மது மூன்று வாரத்துக்கு முன்னால், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்தவர். அப்போது ஒன்றும் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவருக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது. மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, மண்டைக்குள் ரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறது, உடனே ஓட்டை போட்டு எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

அன்றைக்கே குடும்பக் குரூப்பில் ஒரு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டது. மூத்தவர் நாசர், தன் ரூமில் தங்கியிருந்த ஒருவருக்கு இதேபோல் இருந்து மாத்திரையிலேயே கரைந்துவிட்டது என்றார். இளையவர் அசன் மைதீன் கருஞ்சீரக எண்ணெய் பற்றி மூன்று வீடியோ அனுப்பினார். வாப்பாவைக் கக்கூஸுக்குத் தூக்கிப் போவது யார் என்று மட்டும் இரண்டு பேரும் கேட்கவில்லை.

"நீ பத்தாப்பு பெயிலு. ஒனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று நாசர் சொன்னபோது, ருக்சானா ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. இன்னும் அதே பாட்டுதான். படத்தை அனுப்பு, படத்தை அனுப்பு.

தேவதாசன் மாற்றிக் கொடுத்த படங்களில் நான்கை அவள் குரூப்பில் போட்டாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, வாப்பாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்வதற்குள் நாசரிடமிருந்து ஒரு படம் திரும்பி வந்திருந்தது. அதில் வலதுபக்கம் ஒரு சிவப்பு வட்டம்.

"இந்தா, வட்டம் போட்டிருக்கேன் பாரு. இதுதான் ரத்தம். நெல்லிக்கா அளவுதான். மாத்திரையில கரைஞ்சிரும்."

அடுத்த நிமிஷம் அசன் மைதீனின் படம் வந்தது. இடதுபக்கம் இன்னொரு சிவப்பு வட்டம். "அண்ணே, நீங்க வட்டம் போட்டிருக்கது கண்ணு. ரத்தம் இங்கன இருக்கு. எலுமிச்சங்கா அளவு."

எழுத்தில் சண்டை போட்டுக் கை வலித்ததோ என்னவோ, இரண்டு பேரும் வீடியோ காலில் வந்தார்கள். நடுவில் ருக்சானா.

"ஏலே, எத்தனை டாக்டர் வீட்டுக்கு நான் டைல்ஸ் போட்டுக் குடுத்திருக்கேன் தெரியுமா? எனக்கு நீ சொல்லித் தாரியா?"

"நான் நெட்டுல நூறு படம் பாத்துட்டுப் பேசுதேண்ணே. சும்மா சொல்லல."

கால் மணி நேரம் கழிந்தது. நெல்லிக்காய்க்கும் எலுமிச்சங்காய்க்கும் நடுவில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. இருப்பது ரத்தம்தான், எங்கே இருந்தாலும் ஆபத்தில்லாத ரத்தம்.

நாசர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். "இந்தப் படத்தப் பாத்துட்டு எவனாவது மண்டையில ஓட்டை போடுவானா? அந்த டாக்டரம்மாவுக்குப் படமே பாக்கத் தெரியல. ரத்தம் அது பாட்டுக்கு இருக்கட்டும். நோம்புக்கு நான் ஊருக்கு வருவேம்லா, அப்பப் பாத்துக்கிடலாம்."

"ஆமா ருக்சானா, அண்ணன் சொல்லுததுதான் சரி" என்றார் அசன் மைதீன். மூன்று நாளில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"நல்லாப் பாத்தியளாண்ணே? ரெண்டு பேருக்கும் அது ரத்தம்தானா?"

"கண்ணு தெரியாமலா வட்டம் போட்டிருக்கோம்?" என்று சீறினார் நாசர்.

அறைக்குள்ளிருந்து வாப்பாவின் குரல் கேட்டது. "ருக்சானா, சாயாவுல சீனியே இல்லியே தாயி!"

"இந்தா வாரேன் வாப்பா" என்று எழுந்தவள், போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அந்த ரத்தத்தச் செவ்வாக்கிழமையே எடுத்தாச்சுண்ணே, இது நேத்து எடுத்த படம்."