முயலின் முதுகில் ஒரு வழுக்கை

கால்நடை மருத்துவரின் எஃகு மேசை மேல் வெள்ளை முயல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் வெயிலில் அதன் காதுகள் இளஞ்சிவப்பாகி, உள்ளே ஓடும் ரத்த நாளங்கள் தெரிகின்றன. கணவன் ஒரு கையால் அதன் மார்பைத் தாங்கி, மறு கையால் நெற்றியை வருடுகிறான். "ஒண்ணுமில்லடா செல்லம், நான் இருக்கேன்ல." இப்படியொரு குரல் அவனிடம் இருக்கிறது என்பதே பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு முயல் வந்த பிறகுதான் தெரியும். போன மாதம் அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, அறை வாசலில் நின்றபடியே "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனவன் இவன். மருத்துவர் முதுகு ரோமத்தை ஊதி விலக்கி, வழுக்கையைக் குனிந்து பார்க்கிறார். "பேன் இல்ல, பொடுகு இல்ல, தோல் சுத்தமா இருக்கு. இது கொட்டுன முடி இல்லீங்க. அடிமுடி அப்படியே நிக்குது, நறுக்குன மாதிரி. கூட இன்னொரு முயல் இருக்கா? வீட்ல யாரு பெரியவங்கன்னு காட்ட, ஒண்ணோட முடிய இன்னொண்ணு இப்படிக் கடிச்சு வைக்கும்." "இல்லையே டாக்டர், வீட்ல நாங்க மூணு பேருதான்" என்கிறான் கணவன். அவள் கைப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கிறாள். உள்ளே, நகம் வெட்டும் கத்தரிக்கோலின் முனையில் வெள்ளை ரோமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "மூணு பேரா?" என்று கேட்டுக்கொண்டே மருத்துவர் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார்.